வில்லனுக்கும் ஒரு சின்ன வயசு உண்டு
வாசகர் கேள்வி – பதில்

குடும்பத்தோடு பார்த்த படங்களுக்கு அடுத்த பாகம் எழுதிப் பார்ப்பவர்களும், அந்தப் படத்து வில்லன் எப்படி அப்படி ஆனான் என்று கற்பனை செய்பவர்களும் சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): என் மகளுக்கு ரொம்பப் பிடித்த ஒரு படம். மலை பங்களாவில் நாலு பிள்ளைகள், ஒரு நாய். எஸ்டேட் கணக்குப்பிள்ளைதான் வில்லன். பத்திரத்தைத் திருடுகிறான், நாய்க்கு விஷம் வைக்கப் பார்க்கிறான். அவனுடைய முன்கதையை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவன் பிறந்ததிலிருந்து தொடங்க வேண்டாம். மழை கொட்டும் இரவு, குடிசை, பிரசவ வலி என்று ஆரம்பிக்கிறவர்கள் பத்துப் பக்கம் தாண்டியும் படத்தில் பார்த்த ஆளின் சாயல் வராமல் நின்றுவிடுகிறார்கள். தொடக்கம் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

படத்தை மறுபடி போட்டு, கணக்குப்பிள்ளை வரும் காட்சிகளை மட்டும் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். நோட்டுப் பக்கத்தில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில், அவனைப் பற்றி வசனத்தில் வருவது: ஊர், வயசு, எத்தனை வருஷமாக இந்த வேலை. இரண்டாவதில், கண்ணில் படுவது, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுப்பதே இல்லையா, முதலாளி உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே கணக்கு ஒப்பிக்கிறானா, தனியாகச் சாப்பிடுகிறானா. மூன்றாவதில், படம் தொடாமல் விட்டது: கல்யாணம் ஆனவனா, அம்மா இருக்கிறாளா. முதல் பத்தியில் உள்ளதை மாற்றக் கூடாது. மாற்றினால் மகளே கண்டுபிடித்துவிடுவாள். மூன்றாவதை அவசரப்பட்டு நிரப்பினால் படத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு ஆள் பிறந்துவிடுவான். உங்கள் கதை இரண்டாவது பத்தியில்தான் கிடக்கிறது.

அடுத்து, அவன் செய்த தப்புகளில் ஒன்றே ஒன்றை எடுங்கள். பத்திரத் திருட்டு வேண்டாம். பணத்தாசை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும், அதற்கு முன்கதை தேவையில்லை. நாய்க்கு விஷம் வைப்பதுதான் உறுத்துகிறது. ஒரு வளர்ந்த மனுஷனுக்கு நாய்மேல் அப்படி என்ன? இங்கே பலரும் போய் விழும் குழி, சின்ன வயசில் அவனை நாய் கடித்தது என்று எழுதிவிடுவது. கடித்ததால் வெறுத்தான் என்றால் கதை ஒரு வரியில் முடிந்துபோகிறது.

வேறு மாதிரி யோசியுங்கள். அவன் இப்போது கணக்குப்பிள்ளை. பத்து வயசில் முதன்முதலாக ஒரு எஸ்டேட் பேரேட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் என்று வையுங்கள். அதில் பங்களா நாய்க்கு மாதப் பால், கறிச் செலவு என்று ஒரு வரி. நாலு வரி கீழே, காப்பி காயும் களத்தில் ராத்திரிக் காவல் இருக்கும் அவன் அப்பாவின் கூலி. நாய்க்கான தொகை கூடுதல். பையன் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. பேரேட்டை மூடிவைத்துவிட்டுக் களத்துக்குப் போகிறான். இதில் நாய் ஒரு தப்பும் செய்யவில்லை, அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் பின்னாளில் விஷம் வைக்கிறான் என்பதால் அவன் வில்லனாகவே இருக்கிறான். பங்களாப் பத்திரத்தின்மேல் அவனுக்கு ஏன் கண் என்பதும் இந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடுகிறது.

ஐந்து ஆறு காட்சி, ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் முடியுங்கள். கடைசிக் காட்சியில் அவன் அந்த பங்களாவுக்கு வேலை கேட்டு வந்து நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். நாய் வரும் இடங்களை மகளையே எழுதச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் அவள் யார் பக்கம் நின்று பார்த்தாளோ அந்தப் பார்வை கதைக்குள் இருந்தாக வேண்டும்.

கேள்வி (அம்மாப்பேட்டை, ஆசிரியை): வில்லனுக்கு இப்படி நியாயம் கற்பித்தால் பிள்ளைகள் அவன் செய்தது சரி என்று நினைத்துவிட மாட்டார்களா?

பதில்: காரணத்தோடு மன்னிப்பையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த ஆபத்து. நம் மொழியிலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. வால்மீகியின் கூனிக்கு இராமன்மேல் பழைய பகை என்று எதுவும் இல்லை. கம்பர் ஒன்றைச் சேர்க்கிறார்: சிறுவனாக இருந்தபோது இராமன் தன் கூன்முதுகில் வில்லால் மண் உருண்டை அடித்து விளையாடியதை அவள் மனசில் வைத்திருக்கிறாள். அதற்கென்று தனிப் படலம் கிடையாது, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். கேட்பவர்களுக்கு ஒரு கணம் இராமன்மேலேயே வருத்தம் வருகிறது. ஆனால் அவள் கைகேயியிடம் பேசப்போகும் பேச்சில் ஒரு சொல்லைக்கூடக் கம்பர் மென்மையாக்கவில்லை. இந்த அளவுதான் நமக்கும் வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவளை மாற்றியது கூன் இல்லை, அதைப் பிறர் விளையாட்டாக்கியது. உடல் குறை, நிறம், ஏழ்மை இவற்றையே கெட்ட குணத்துக்குக் காரணமாக எழுதும் பிள்ளைகளிடம் அந்த இடத்தில் நிறுத்திப் பேச வேண்டியது அவசியம்.

சினிமாவில் இதை நன்றாகச் செய்ததற்கு 2014-ல் வந்த 'மேலிஃபிசென்ட்' படத்தைக் காட்டலாம். 1959-ன் டிஸ்னி கார்ட்டூனில் குழந்தை இளவரசிக்குச் சாபம் கொடுத்தவளின் கதை. நம்பியவனே அவள் சிறகை அறுத்துக்கொண்டு போய் ராஜாவாகிறான், அந்தக் கோபத்தில் சாபம் இடுகிறாள். பிறகு அந்தப் பெண்ணின்மேல் பாசம் வந்து சாபத்தைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. எந்தச் சக்தியாலும் மாற்ற முடியாது என்று சொன்னது அவளேதான். சாபம் தந்ததற்குக் காரணம் இருக்கிறது, சாபத்தின் கெடுதலும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது எளிதாகப் புரிகிறது.

வழி தவறியதற்கு 2021-ன் 'க்ருயெல்லா'. 1961 கார்ட்டூனில் நாய்க்குட்டிகளின் தோலை உரித்துக் கோட்டு தைக்க நினைத்தவள் அவள். முன்கதையில், அவளை வளர்த்த தாயை டால்மேஷன் நாய்கள் பாறை விளிம்பிலிருந்து தள்ளுகின்றன. நாய் கடித்த கதையின் பெரிய வடிவம்தான் அது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படம் முடியும்போது அவளே இரண்டு டால்மேஷன் குட்டிகளைப் பரிசாக அனுப்பிவைக்கிறாள். இப்படிப்பட்டவள் பிறகு எப்படிக் குட்டிகளைக் கொல்லக் கிளம்பினாள் என்பதற்கு வழியே இல்லை. ஆடை அலங்காரத்துக்காகத் தாராளமாகப் பார்க்கலாம், முன்கதை என்ற அளவில் அது பழைய படத்தில் போய்ச் சேரவில்லை.

வகுப்பில் ஒரு சின்னப் பயிற்சி செய்து பாருங்கள். வில்லனின் கதையை எழுதி முடித்த பிள்ளையிடம், அவனால் பாதிக்கப்பட்டவர் அவனுக்கு எழுதும் ஒரு கடிதத்தையும் எழுதச் சொல்லுங்கள், பத்து வரி போதும். கடிதம் எழுத வரவில்லை என்றால் கதையில் வில்லனை அளவுக்கு மீறி வெள்ளையடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): கூட்டுக்குடும்பப் படம் ஒன்று. தம்பி குடும்பத்தை ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்கிய பெரியப்பா, கடைசிக் காட்சியில் காலில் விழுந்து திருந்திவிடுகிறார். இதற்கு இரண்டாம் பாகம் யோசித்தால் வில்லனே இல்லாமல் போகிறதே?

பதில்: நம் குடும்பப் படங்களுக்கு அடுத்த பாகம் எழுதுபவர்கள் எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இது. சிலர் வெளியூரிலிருந்து புது வில்லனைக் கொண்டுவருகிறார்கள், அப்போது அது வேறு படம். சிலர் பெரியப்பா திருந்தியது நடிப்பு என்கிறார்கள். அது முதல் படத்தைப் பார்த்து அழுதவர்களுக்குச் செய்யும் துரோகம், தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அவர் உண்மையாகவே திருந்தினார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது முதல் படத்தில் அவரால் நடந்த சேதங்களை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடைசிக் காட்சியில் அது சரியானதா என்று குறியுங்கள். வீடு திரும்பக் கிடைத்திருக்கும், அடகுவைத்த நகை வந்திருக்கும். தம்பி பிள்ளை ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகாமல் வேலைக்குப் போனது? பொய்ச் சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்? தம்பி மனைவியின் அப்பா அந்த வருத்தத்திலேயே கண்ணை மூடியது? சரியாகாமல் நிற்பவைதான் இரண்டாம் பாகம்.

ஆறேழு வருஷம் கழித்துத் தொடங்குங்கள். முதல் படத்தில் எட்டு வயசாக இருந்தவனுக்கு இப்போது பதினைந்து. பெரியப்பா காலில் விழுந்தபோது அப்பா மன்னித்தார், அம்மா மன்னித்தார். அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. அவன் இப்போது கேட்கிறான்: "நீங்க மன்னிச்சீங்க சரி, என்னை யார்ப்பா கேட்டா?" இதற்கு அப்பாவிடம் பதில் கிடையாது. பெரியப்பா நல்லவர், அப்பா நல்லவர், பிள்ளையும் நல்லவன். வில்லன் தேவைப்படாமலே கதை இரண்டரை மணி நேரம் ஓடும்.

உங்கள் ஊர்த் தொழிலையே களமாக வைத்துப் பாருங்களேன். பெரியப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அந்தக் காலத்தில் பற்றவைப்பில் கலப்படத்தைக் கூட்டி, டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறைந்த சரக்கை நல்ல சரக்கு விலைக்குத் தள்ளியவர். இப்போது ஒழுங்காகச் செய்கிறார், ஆனாலும் அவர் கொண்டுபோகும் ஒவ்வொரு ஜோடியையும் கடைக்காரர் அவர் கண் முன்னாலேயே சோதிக்கக் கொடுக்கிறார். மற்றவர் சரக்கை எடைபோட்டு வாங்கிக்கொள்கிறார். பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்து முடிவுக்குக் காத்திருக்கிறார், பக்கத்தில் தம்பி மகன். நீளமான வசனம் எதுவும் வேண்டாம், அந்தப் பெஞ்சு போதும்.

கேள்வி (ஓமலூர், கல்லூரி மாணவர்): 1988-ல் நடக்கும் ஒரு படத்து வில்லனின் சின்ன வயசுக் கதையைச் சேலத்தில் வைத்து எழுதுகிறேன். காலப் பிழை வராமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் வயசுக் கணக்கு. படத்தில் அவனுக்கு நாற்பத்தைந்து என்றால் பிறந்தது 1943, பத்து வயசில் 1953. இந்த ஆண்டுகளைத் தாளின் தலையில் எழுதிவைத்துக்கொண்டு எழுதுங்கள்.

1953-ல் அவன் கையில் நயா பைசா இருக்க முடியாது, அது வந்தது 1957 ஏப்ரல் 1. அதற்கு முன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. கிலோவும் மீட்டரும் கடைத்தெருவில் நிலைபெற்றது 1960-களில்தான், அதுவரை படி, சேர், வீசை, கெஜம். மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14 வரை சென்னை மாநிலம், அதாவது மெட்ராஸ் ஸ்டேட். தருமபுரி மாவட்டம் 1965-லும் நாமக்கல் மாவட்டம் 1997-லும் பிரிந்தவை. உங்கள் பையன் காலத்தில் ஓசூரிலிருந்து நாமக்கல் வரை ஒரே சேலம் ஜில்லா. மேட்டூர் அணை உண்டு, 1934-லேயே கட்டி முடித்தாயிற்று. உருக்காலை கிடையாது. பிளஸ் டூவில் தோற்றான் என்று எழுதிவிடாதீர்கள், பிளஸ் டூ 1978-ல்தான் வந்தது. அவன் எழுதியிருக்கக்கூடியது பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.

மலைமேல் கதை போனால் இன்னொன்று. 1942-ன் காப்பிச் சட்டப்படி, தோட்டக்காரர் தன் காப்பியைத் தன் இஷ்டத்துக்கு வெளியில் விற்க முடியாது, காப்பி வாரியத்திடம் கொடுக்க வேண்டும், வாரியம் எல்லோருடைய காப்பியையும் ஒன்றாகச் சேர்த்து விற்கும். இது முழுசாக விலகியது 1990-களின் நடுவில். ஆகவே 1953-ல் ஒரு மூட்டையை ராத்திரியோடு ராத்திரியாக அடிவாரத்துக்கு இறக்கி விற்பது சட்டப்படிக் குற்றம், சொந்தத் தோட்டத்துச் சரக்காக இருந்தாலும் அதே கதி. உங்கள் வில்லனின் முதல் தப்பு இங்கேயே பிறக்கலாம். தன் முதலாளிக்காக மூட்டை சுமந்த பையன் பிடிபடுகிறான், முதலாளி அவனைத் தெரியவே தெரியாது என்கிறார். பறிப்புக் காலம் நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை. பூ வருவது மார்ச், ஏப்ரல் மழைக்கு. மே மாதத்தில் கூடை நிறையப் பழம் பறிக்கும் காட்சியை வைத்துவிட்டால் ஏற்காட்டுக்காரர் யாரும் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள்.

இன்னொரு வாய்ப்பையும் விட்டுவிடாதீர்கள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் அப்போது முழு வேகத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. வேஷம் கட்டிய ராஜாக்கள் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்து நிற்கும் ஒரு பத்து வயசுப் பையனை அங்கே நிறுத்தினால், பின்னாளில் அவன் ஆள்மாறாட்டம் செய்யத் தெரிந்தவன் ஆனதற்கு வேர் கிடைத்துவிடும்.

கேள்வி (ஆத்தூர்): மாடர்ன் தியேட்டர்ஸ் என்றதும் 'மந்திரி குமாரி'தான் நினைவுக்கு வருகிறது. ராஜகுருவின் மகன் பார்த்திபனுக்கு முன்கதை எழுதலாமா?

பதில்: கட்டாயம் எழுதலாம். 1950-ல் வந்த அந்தப் படத்தின் வேர் குண்டலகேசிக் கதையில் இருக்கிறது. கொலைக்களத்துக்குப் போகும் கள்வன்மேல் ஆசைப்பட்டு, அவனை மீட்டு மணந்துகொள்கிறாள் பத்திரை. பின்னொரு நாள் ஊடலில் 'நீ கள்வன்தானே' என்று விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல்லை அவன் மறக்காமல், அவளை மலையுச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்க்கிறான். அவளோ கடைசியாக வலம்வருவதாகச் சொல்லி அவனைத் தள்ளிவிடுகிறாள். அந்த ஒரு சொல் அவனை ஏன் அவ்வளவு சுட்டது என்பதுதான் கேள்வி, எழுத வேண்டியதும் அதுதான்.

படத்துப் பார்த்திபன் வேறு ரகம். வயிற்றுக்குத் திருடுகிறவன் இல்லை, கொள்ளையைக் கலை என்று வாதிடுகிறவன். அவனுக்கு வறுமைக் கதை எழுதினால் ஒட்டாது. அரண்மனையையே ஆட்டிவைக்க நினைக்கும் அப்பா, அந்த வீட்டில் வளரும் பிள்ளை: சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் அவன் என்னென்ன கேட்டு வளர்ந்தான் என்று எழுதுங்கள். முதல் திருட்டை அப்பா கண்டுபிடித்து, திட்டாமல், மாட்டிக்கொள்ளாமல் செய்தாயா என்று மட்டும் கேட்டிருந்தால்?

கேள்வி (குகை): அலிபாபா கதைக்கு அடுத்த பாகம் என்றால் யாரை வைத்து எழுதுவது? எல்லாத் திருடர்களும் செத்துவிடுகிறார்களே.

பதில்: அலிபாபாவின் அண்ணன் காசிமின் மனைவியை வைத்து. அலிபாபாவின் மனைவி அளக்கப் படி கேட்டு வந்தபோது, என்ன அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதன் அடியில் பிசுக்கைத் தடவிக் கொடுத்தவள் அவள். ஒட்டிக்கொண்டு வந்த ஒற்றைப் பொற்காசுதான் காசிமைக் குகைக்கு அனுப்பியது. புருஷன் செத்த பிறகு அந்தப் படியை அவள் என்ன செய்தாள் என்று தொடங்குங்கள். பழைய கதைதான், 1709-ல் சிரியாக்காரர் ஹன்னா தியாப் சொல்லக் கேட்டு அந்துவான் கலான் பிரெஞ்சில் சேர்த்தது. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

கேள்வி (சூரமங்கலம்): எழுதியதைப் பள்ளி ஆண்டு விழாவில் நாடகமாகப் போடலாமா? யூடியூபில் குறும்படமாக ஏற்றலாமா?

பதில்: பள்ளி நாடகம் போடலாம். மாணவர்களும் ஆசிரியர்களும் பள்ளி நடவடிக்கையாக நடித்து, பார்க்க வருபவர்கள் பள்ளியைச் சேர்ந்தவர்களும் பெற்றோருமாக இருந்தால் 1957-ன் பதிப்புரிமைச் சட்டமே அதை அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் டிக்கெட் விற்றால் அந்த விலக்கு பொருந்தாது. இருபது நிமிட நாடகத்துக்கு இரண்டாயிரம் சொல்லைத் தாண்டாதீர்கள், பிள்ளைகள் மேடையில் வேகமாகப் பேசினால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது.

யூடியூபுக்கு இந்த விலக்கு கிடையாது. ஒரு படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1964 வரை வந்த படங்களுக்கு அது முடிந்துவிட்டது. ஆனால் கதை, வசனம், பாட்டு எழுதியவர்களின் உரிமை தனி, அது அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். பழைய படத்தின் வசனத்தையோ பாட்டையோ அப்படியே எடுத்து வைக்காதீர்கள். புதுப் படங்களின் பாத்திரத்தை வைத்து எடுப்பதானால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அது நடக்காது என்று தோன்றினால் பெயர், ஊர், தொழில், சம்பவம் எல்லாவற்றையும் மாற்றிச் சொந்தக் கதையாக்கிவிடுங்கள். நல்ல முன்கதை பெரும்பாலும் அந்த மாற்றத்தைத் தாங்கும். முதல் கேள்வியில் வந்த பேரேட்டுக் காட்சிக்கு எந்தப் படத்தின் துணையும் வேண்டியதில்லை.

கேள்வி (அஸ்தம்பட்டி): எட்டு நிமிடக் குறும்படம், வில்லனின் சிறுவயது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் செல்போனிலேயே எடுக்கப்போகிறோம். எதில் கவனம் வேண்டும்?

பதில்: பனி நிற்காது. பத்து நிமிடத்தில் விலகிவிடும், அப்புறம் அதே காட்சியின் மீதி ஷாட்டுகள் பளிச்சென்ற வெயிலில் வந்து ஒட்டாமல் போகும். அதனால் தூரத்து ஷாட்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள். நெருக்கமான முகங்களைப் பிறகு ஒரு வெள்ளைச் சுவரையோ மங்கிய வானத்தையோ பின்னணியாக வைத்துச் சமாளிக்கலாம். வெண்பனியைப் பார்த்ததும் போன் தானாக வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கறுப்பாக்கும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகளுக்கு நடுவே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும், அந்தக் காட்சிகளை உச்சிப்பொழுதில் வையுங்கள்.

பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் மாதிரி விளிம்பு இடங்களில் காற்று மைக்கை அடைத்துவிடும். அங்கே வசனமே வேண்டாம், அல்லது வீட்டில் கம்பளிக்குள் உட்கார்ந்து டப்பிங் பேசிச் சேருங்கள். பையன் விளிம்புக்குப் போகும் ஷாட் இருந்தால் தரையோடு தாழ்வாக போனை வைத்து, விளிம்பிலிருந்து பத்தடி உள்ளேயே எடுங்கள். திரையில் விளிம்பாகவே தெரியும். எஸ்டேட் தனியார் இடம், முதலாளியிடம் முன்கூட்டியே கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம்.

சேலத்திலிருந்து ஏறும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவு. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு இட்லிக்கு மேல் கொடுத்து ஏற்றினால் நடிக்க ஆள் இருக்காது. சட்டையில் இரண்டு ஜோடி, ஒரே நிறத்தில் எடுத்துப் போங்கள்; பனியில் நனைந்த சட்டை அடுத்த ஷாட்டுக்குள் காயாது.